கந்தர்வ நகரத்தில் ஒரு கல்யாணச் சாப்பாடு

ஆகாயத்தில் மேகங்கள் ஒன்றுகூடி ஒரு பட்டணத்தைப்போல் தோற்றம் காட்டிவிட்டு, நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கலைந்துபோவதை நம் முன்னோர் கந்தர்வ நகரம் என்றார்கள். மாண்டூக்ய காரிகையில் கௌடபாதர், இந்த உலகம் கனவைப் போன்றது, ஜாலத்தைப் போன்றது, கந்தர்வ நகரத்தைப் போன்றது என்று மூன்று திருஷ்டாந்தங்களை அடுக்கிச் சொல்லுகிறார். அதற்கு உரை எழுத வந்த சங்கரர், அந்நகரத்தை வெறும் பெயராக விட்டுவிட மனமில்லாமல், சரக்குகளைப் பரப்பி வைத்த கடைகளும், வீடுகளும், மாளிகைகளும், ஆணும் பெண்ணுமாய்த் திரியும் ஜனங்களும், அவர்களுடைய கொடுக்கல் வாங்கலும் நிறைந்த ஓர் ஊராகவே அதைக் கட்டிக் காட்டி, அவ்வளவும் கண்ணெதிரே இருந்து திடீரென்று இல்லாமற் போவதுபோலத்தான் பிரபஞ்சமும் என்று முடிக்கிறார். உலகம் பொய்யென்று நிரூபிக்கப் புறப்பட்ட ஒரு சந்நியாசி, அந்தப் பொய்க்கு ஒரு கடைவீதி போட்டு, அதில் சரக்கும் பரப்பி வைத்தாரே என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் உண்டாவதுண்டு.

அந்தக் கடைவீதியை நான் முதலில் கண்டது பாஷ்யத்தில் அன்று. பிளவக்கல் மலையடிவாரத்துக் கிராமங்கள் பலவற்றுக்கும் பொதுவாக இருந்த ஒரு கீற்றுக் கொட்டகையில், தரை டிக்கெட்டு வாங்கிக்கொண்டு போய், மணலைக் கூட்டி மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்து, ஒலிபெருக்கியில் சீர்காழி கோவிந்தராஜனுடைய பிள்ளையார் பாட்டு முடிந்து விளக்கு அணைகிற வரையில் இருப்புக் கொள்ளாமல் தவித்து, பிறகு ரீல் மாற்றுவதற்காக அடிக்கடி இடைவேளை விட்டுவிட்டு அவர்கள் காட்டிய 'மாயா பஜார்' படத்தில்தான் கண்டேன். 1957-ஆம் ஆண்டு நாகி ரெட்டியும் சக்ரபாணியும் தங்களுடைய விஜயா நிறுவனத்தின் சார்பில், கே. வி. ரெட்டியின் டைரக்ஷனில், தெலுங்கிலும் தமிழிலுமாகச் சென்னையில் எடுத்த படம் அது. ராஜபாளையத்தில் வீட்டுக்குள் தெலுங்கும் வீதியில் தமிழுமாக வாழ்கிற குடும்பங்கள் மிகுதியாதலால், எந்தப் பாஷையில் படம் நன்றாக அமைந்தது என்பதைப்பற்றி அங்கே வெகுகாலம் தர்க்கம் நடந்துகொண்டிருந்தது; எனக்கு அந்தத் தர்க்கத்தில் எந்தக் கட்சியும் கிடையாது.

கதை வியாசருடையதல்ல. பலராமர் தம் மகள் வத்ஸலையை அபிமன்யுவுக்குக் கொடுப்பதாக வாக்களித்துவிட்டு, பாண்டவர்கள் நாடிழந்து காடேகியபின் அதே பெண்ணைத் துரியோதனன் மகன் லக்ஷ்மண குமாரனுக்குக் கொடுக்க இசைகிறார். கிருஷ்ணன் தமையனை எதிர்த்து ஒரு வார்த்தையும் பேசாமல், கடோத்கசன் மூலமாக மாயையினால் ஒரு நகரத்தைப் படைக்கச் செய்து, மாப்பிள்ளை வீட்டாரை அதிலே தங்கவைத்து, மணப்பெண்ணின் வடிவில் கடோத்கசனையே அனுப்பிக் கல்யாணத்தைக் கலைத்துவிடுகிறான். நாடக மேடைகளில் நெடுநாளாக ஆடிப் பழகிய கதை. பாண்டவர் வீட்டுக் கல்யாணத்தைப்பற்றிய இந்தப் படத்தில் பாண்டவர்கள் ஐவரில் ஒருவர்கூடத் திரையில் தோன்றுவதில்லை என்பது ஒரு விசித்திரம். சிறுவயதில் அது என் கண்ணிலேயே படவில்லை.

கடோத்கசனாக வரும் எஸ். வி. ரங்காராவ் கதாயுதத்தைத் தோளிலே சாய்த்துக்கொண்டு, ஆளில்லாத சமையற்கூடத்தில் கல்யாணப் பட்சணங்களின் நடுவே அமர்ந்து, லட்டுகள் தாமாகவே எழும்பி வாய்க்குள் போகப் போக, தொடையைத் தட்டிச் சிரிக்கிற காட்சிக்குக் கொட்டகையே குலுங்கும். சிரிப்பென்றால் முன்வரிசையில் மட்டும் அல்ல, பெஞ்சில் இருந்த பெரிய மனிதர்களும் சேர்ந்து சிரித்தார்கள். ஆனால் இப்போது, இத்தனை காலம் கழித்து, வீட்டுக் கூடத்தில் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து மறுபடி பார்க்கையில், அதைக்காட்டிலும் பெரிய அற்புதமாக எனக்குப் பட்டது சாவித்திரியின் நடை. வத்ஸலையின் உருவத்தில் இருப்பவன் கடோத்கசன் என்று நமக்குத் தெரியும். அவள் தனியே இருக்கையில் தோள் அகன்று, பாதம் பூமியில் அழுந்தி, பட்டுப் புடைவைக்குள் ஓர் அரக்கன் உலாவுகிறான். யாரோ வருகிற அரவம் கேட்டதும் அந்தத் தோள்கள் சட்டென்று குறுகி, கண் தாழ்ந்து, விரல் முந்தானையைத் தேடுகிறது. இதில் தந்திரக் காட்சி ஒன்றும் இல்லை. மாயை முழுவதும் ஒரு பெண்ணின் தோளிலும் பாதத்திலும் நடந்து முடிந்துவிடுகிறது. பிறகு அந்தப் பாதமே லக்ஷ்மண குமாரனாகிய தங்கவேலுவின் காலை மிதித்து நசுக்க, அவர் போடுகிற கூக்குரலில் பேரப்பிள்ளைகள் தரையில் புரண்டார்கள்.

தந்திரங்கள் எப்படிச் செய்யப்பட்டன என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்த சமாசாரம். ஓடத்தில் காதலர் இருவர் போகிற பாட்டில் நதியின்மேல் வழிகிற நிலவொளி, மார்க்கஸ் பார்ட்லி என்னும் ஒளிப்பதிவாளர் ஸ்டுடியோவில் விளக்குகளால் உண்டாக்கியது. துவாரகை கைக்கடக்கமான சிறு வீடுகளால் கட்டிய மாதிரி ஊர். என் பேரன் இவற்றையெல்லாம் எனக்கே விளக்கிச் சொல்லிவிட்டு, சொன்ன வாய் மூடாமலே அந்த நிலவைப் பார்த்துக்கொண்டிருந்தான். தெரிந்த பின்பும் ரசம் குறையவில்லை. கயிறு என்று அறிந்ததும் பாம்பு போய்விடுகிறது; ஸ்டுடியோ விளக்கு என்று அறிந்தும் நிலவு போகவில்லை. ஞானம் வந்தால் பிரமை ஒழியும் என்பது பொது விதியானால், இது எந்த ஜாதியைச் சேர்ந்த பிரமை?

இந்தக் கேள்வியை நான் கொண்டுபோனது வத்திராயிருப்பில் இருக்கும் ஒரு பெரியவரிடம். பள்ளிக்கூடத்தில் வடமொழி கற்பித்து ஓய்வு பெற்றவர். சங்கர பாஷ்யத்தில் ஆழ்ந்த பயிற்சியுடையவர். மாலையில் பிளவக்கல் அணைக் கரைப்பக்கம் காற்று வாங்க வருவார். பெரியாறு, கோவிலாறு என்று மலையிலிருந்து இறங்குகிற இரண்டு ஆறுகளுக்கு இரண்டு அணைகள் அங்கே உண்டு. அந்த நீர் கண்மாய்களை நிரப்பி, வயலுக்கும் தென்னைக்கும் பாய்ந்து, அர்ச்சுனா நதி என்ற பெயரோடு கிழக்கே போகிறது. மருமகளாக வருகிற பெண்ணின் கல்யாணத்திலேயே தலைகாட்டாத அர்ச்சுனன் எங்கள் ஊரில் ஆறாக ஓடுகிறான் என்று நான் வேடிக்கையாகச் சொன்னதற்கு அவர் சிரிக்கவில்லை. விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி, கயிற்றிலே பாம்பு ஒரு வகை, கானல்நீர் வேறொரு வகை. கானல் என்று தெரிந்த பிறகும் நீர் தெரிந்துகொண்டுதான் இருக்கும். தெரிந்தவன் குடத்தை எடுத்துக்கொண்டு போகமாட்டான், அவ்வளவுதான் வித்தியாசம். ஞானிக்கு உலகம் தெரியாமல் போகிறது என்று எந்த ஆசாரியர் சொன்னார்?"

"அப்படியானால் ஐயா, நான் குடத்தை எடுத்துக்கொண்டு போனேனே. அந்த வயதில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தபோது வயிறு நிறைந்திருந்ததே. அந்த நிறைவு எதில் சேர்த்தி?"

"கனவில் புலியைக் கண்டு பயந்தவன் விழித்துக்கொள்ளுகிறான். புலி பொய், விழித்தது மெய். விஷம் தின்றுவிட்டோமோ என்ற சந்தேகத்தாலேயே செத்தவர்கள் உண்டு என்று சங்கரரே எழுதியிருக்கிறார். பொய்யிலிருந்து மெய்யான பலன் வருவதில் எங்களுக்கு ஆக்ஷேபம் இல்லை."

அத்வைதிகளோடு வாதிப்பதில் உள்ள சங்கடமே இதுதான். நாம் கையில் எடுத்த கல்லை அவர்கள் ஆயிரத்து இருநூறு வருஷங்களுக்கு முன்பே எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்திருப்பார்கள். பொய்யிலிருந்து மெய்யான பலன் வருவதற்கு அந்தக் கரையிலேயே அத்தாட்சி இருந்தது. 2025-ஆம் ஆண்டில் அணைக்குப் பக்கத்துக் கூமாப்பட்டியின் அழகைப்பற்றி யாரோ எடுத்துவிட்ட கைப்பேசிப் படங்கள் நாடெங்கும் பரவ, தமிழ்நாட்டின் பல மூலைகளிலிருந்தும் ஜனங்கள் பிளவக்கல்லைத் தேடி வந்தார்கள். கண்ணாடிச் சில்லில் கண்ட அளவு நீரை எதிர்பார்த்து வந்து ஏமாந்து திரும்பியவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுடைய ஏமாற்றம் போகட்டும்; குடித்த தேநீரும் கொடுத்த காசும் மெய்யானவையே.

ஆயினும் பெரியவருடைய சமாதானம் எனக்குப் போதவில்லை. மாயா பஜாரில் நடப்பதைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். அந்த நகரம் விடிந்தால் இல்லாமற் போவது. ஆனாலும் சகுனி தன் உள்ளத்தில் உள்ளதைச் சபையறிய உள்ளபடி சொல்லுகிற இடம் அது. மேலே ஏறி நின்றவரை உண்மையைச் சொல்லவைக்கிற ஒரு பீடத்தில் அவனை நிறுத்துகிறார்கள். எதற்காக இந்தச் சம்பந்தத்தைப் பேசினோம் என்பதை அவனே வாய்விட்டுச் சொல்லிவிடுகிறான். கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டிய துவாரகை அரண்மனையில் பொய் சொன்னவன், மாயையால் கட்டிய விடுதியில் மெய் சொல்லுகிறான். பொய் என்பது ஒரு பொருளின் ஆயுளைப் பொறுத்ததன்று, அதைப் படைத்தவனுடைய கருத்தைப் பொறுத்தது என்றே படம் கருதுகிறது. சகுனியின் பகடை உறுதியான பொருள்தான். நூறு வருஷம் கிடந்தாலும் பகடையாகவே கிடக்கும். அதன் பொய்ம்மை அதனால் குறைந்துவிடுமா? சீக்கிரம் மறைவது வேறு, பொய்யாயிருப்பது வேறு. மூன்று காலத்திலும் அழியாததே மெய் என்ற இலக்கணத்தை ஒப்புக்கொண்டவர்களுக்கு இந்த வேற்றுமை தெரியாமற் போவது சகஜம்.

இந்த வேற்றுமையை எனக்கு முன்பே ஒருவர் சாஸ்திரத்தில் நிலைநாட்டியிருக்கிறார். பாதராயணருடைய பிரம்ம சூத்திரத்தில் கனவைப்பற்றி ஒரு பகுதி வருகிறது. கனவிலே தேர் இல்லை, குதிரை இல்லை, பாதையும் இல்லை. ஆனாலும் அவையெல்லாம் அங்கே படைக்கப்படுகின்றன என்று உபநிஷத்து கூறுவதை எடுத்துக்கொண்டு, அந்தப் படைப்பு எத்தகையது என்று விசாரிக்கிற பகுதி அது. சங்கரர் அதைக் கொண்டு கனவு முற்றும் பொய் என்கிறார். ராமானுஜர் அதே சூத்திரங்களைக் கொண்டு, கனவில் காணும் பொருள்களை ஈசுவரனே அந்தந்த ஜீவனுடைய வினைக்குத் தக்கபடி, அவன் ஒருவன் மட்டும் காண, அந்த ஒரு பொழுதுக்கு மட்டும் நிற்குமாறு படைக்கிறான் என்கிறார். தேர் உண்டு, குதிரை உண்டு. ஒருவனுக்காக உண்டு, ஒரு ராத்திரிக்கு உண்டு. கிளிஞ்சலை வெள்ளியென்று மயங்குகிற இடத்தில்கூட, கிளிஞ்சலில் வெள்ளியின் அம்சம் சிறிது கலந்திருப்பதால்தான் வெள்ளி தெரிகிறது என்று வாதிக்கிற அளவுக்கு, எந்த அறிவையும் முழுப் பொய்யென்று தள்ள மனம் வராதவர் அவர். இவ்வளவு தயாளமான ஒரு தர்க்கத்தை வேறெந்தத் தத்துவ நூலிலும் நான் கண்டதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரனுக்கு இது வெறும் தர்க்கமாக நின்றுவிடுவதில்லை. ஏனெனில் எங்கள் ஊரின் சம்பிரதாயம் பெரும்பகுதி ஒரு கனவின்மேல் நிற்கிறது. ஆண்டாள் கண்ணனைக் கைப்பிடித்ததாகக் கனாக் கண்டு அதைத் தோழிக்குச் சொன்ன பத்துப் பாசுரங்களும் இன்று வைஷ்ணவர் கல்யாணங்களில் ஓதப்படுகின்றன. விழித்திருந்து, அக்கினி வளர்த்து, ஊரைக் கூட்டி நடத்துகிற விவாகத்துக்கு, ஒரு பெண் தூக்கத்தில் கண்ட விவாகம் மங்களம் சேர்க்கிறது. அவள் சூடிக்களைந்த மாலை புரட்டாசிப் பிரம்மோத்ஸவத்துக்குத் திருப்பதிக்குப் போகிறது. சித்திரையில் மதுரையில் ஆற்றிலிறங்கும் அழகருக்கும் போகிறது. மாலையைச் சுமந்து செல்பவர்களிடம் போய், இது சொப்பனத்துச் சம்பந்தந்தானே என்று கேட்டுப் பார்க்கலாம்.

அந்த ஆண்டாளே திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு அண்டாவில் வெண்ணெயும் நூறு அண்டாவில் அக்காரவடிசிலும் சமர்ப்பிப்பதாகப் பாட்டிலே நேர்ந்துகொண்டாள். பாட்டில் நேர்ந்தாளே தவிர, சமைத்துப் படைத்ததாக வரலாறு இல்லை. சில நூற்றாண்டுகள் கழித்து ராமானுஜர் அழகர் மலைக்குப் போய், அந்தப் பிரார்த்தனையைத் தாம் நிறைவேற்றினார் என்றும், அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தபோது ஆண்டாள் அவரை அண்ணா என்று அழைத்து எதிர்கொண்டாள் என்றும் குருபரம்பரைக் கதைகள் கூறுகின்றன. கூடாரவல்லி நாளில் அக்காரவடிசில் பிரசாதம் வாங்குகிறவர்கள் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டேதான் வாங்குகிறார்கள். தத்துவ ஆசாரியர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் உண்டு; கனவும் மெய் என்று எழுதியதோடு நில்லாமல், கனாக் கண்டவளுடைய கடனை அரிசியும் பாலும் வெல்லமும் நெய்யுமாகத் தீர்த்து வைத்தவர் என்று போற்றப்படுகிறவர் இவர் ஒருவர்தான். கடோத்கசன் காலி செய்த பாத்திரங்களைப் பார்த்துச் சிரித்த எனக்கு, நிரம்பிய இந்த நூறு அண்டாக்களும் அதே கல்யாணத்துச் சமையலென்று தோன்றினால், வித்வான்கள் கோபிக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இவ்வளவும் கேட்டுவிட்டுப் பெரியவர் வெகுநேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நன்றாய்த்தான் இருக்கிறது. ஆனால் தம்பி, அந்தப் படத்துப் பிள்ளைகள் எல்லாம் பின்னால் என்ன ஆனார்கள் என்று பாரதத்தில் பார்த்ததுண்டா?" என்று கேட்டார்.

பார்த்ததுண்டு. பாரதத்தைத் தமிழில் பாடிய வில்லிபுத்தூரார், எங்கள் ஊர்ப் பெரியாழ்வாரின் திருநாமத்தைத் தாங்கியவர் என்பது மரபு; அவருடைய நூலை வாசித்துத்தான் வியாசரிடம் போனேன். குருக்ஷேத்திரத்தின் பதின்மூன்றாம் நாள் அபிமன்யு சக்கரவியூகத்தை உடைத்துக்கொண்டு உள்ளே போகிறான். அங்கே அவன் கையால் மடிகிறவர்களுள் ஒருவன் துரியோதனன் மகன் லக்ஷ்மணன். நாம் தரையில் புரண்டு சிரித்தோமே, அந்தக் கால் நசுங்கிய மாப்பிள்ளை. அன்று மாலைக்குள் அபிமன்யுவும் இல்லை. மறுநாள் இருளிலும் போர் நடக்கிறது. அந்த இரவில் கர்ணன், அர்ச்சுனனுக்கென்று பொத்திவைத்திருந்த இந்திரனுடைய சக்தியைக் கடோத்கசன்மேல் எறிய நேர்கிறது. அவன் விழும்போதும் உடலைப் பெருக்கிக்கொண்டு எதிரிச் சேனையின்மேல் விழுந்து சாகிறான். கல்யாண வீட்டில் கூடிய மூன்று இளைஞரும் இரண்டு நாளில் முடிந்தார்கள். பாண்டவர் அனைவரும் அழுதுகொண்டிருக்க, கிருஷ்ணன் ஒருவன் மட்டும் சிங்கநாதம் செய்து, அர்ச்சுனனைத் தழுவிக்கொண்டு, காற்றில் அசைகிற மரத்தைப்போல் கூத்தாடுகிறான். சக்தி செலவாகிவிட்டது, இனி அர்ச்சுனனுக்குப் பயமில்லை என்பது ஒரு காரணம். அதோடு நில்லாமல், கர்ணன் இவனைக் கொல்லாவிட்டால் நானே கொல்ல வேண்டியிருந்திருக்கும், இவன் வேள்விக்குப் பகைவன் என்றும் சொல்லுகிறான்.

படத்தில் கிருஷ்ணனாக மெல்லப் புன்னகை செய்கிற என். டி. ராமராவின் முகத்தை வைத்துக்கொண்டு இந்தப் பகுதியைப் படிப்பது எளிதல்ல. பாண்டவரைத் திரைக்கு வெளியே நிறுத்தியதன் சாமர்த்தியம் இப்போதுதான் விளங்குகிறது. அவர்களில் ஒருவர் உள்ளே வந்தாலும், அவரோடு யுத்தமும் உள்ளே வந்துவிடும்.

"அதனால்தான் சொல்லுகிறேன்," என்றார் பெரியவர். "பின்னால் வரப்போவது தெரியாததால்தானே அத்தனை சிரிப்பும்? அறியாமையில் பிறந்த ஆனந்தத்தைப் பிரமை என்னாமல் வேறென்ன என்பது?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அறியாமல் சிரித்தவர்கள் பிள்ளைகள்; கிருஷ்ணன் அறிந்தே சிரித்தான். பதின்மூன்றாம் நாளும் பதினான்காம் இரவும் அவனுக்குத் தெரியாதவை அல்ல. தெரிந்திருந்தும் அந்த ஒரு ராத்திரிக்கு ஒரு நகரத்தைக் கட்டச் செய்து, பந்தி போட்டு, பெண்ணைப் பிள்ளையோடு சேர்த்துவைத்தான் என்றால், அந்த ஆனந்தத்துக்கு அறியாமையே வேர் என்று சொல்ல முடியாது. ஒரு பொழுதுக்கு மட்டும் நிற்குமாறு ஈசுவரன் படைக்கிறான் என்று ராமானுஜர் எழுதியதற்கு, இதைவிடப் பொருத்தமான உதாரணம் வேறென்ன வேண்டும்? இவ்வளவு தூரம் எனக்குச் சந்தேகமே இல்லை. சிறுவயதில் மணல்மேட்டில் இருந்து சிரித்த சிரிப்பை நான் பொய்க்கணக்கில் எழுதமாட்டேன்.

அந்தக் கூத்துத்தான் தொண்டையில் நிற்கிறது. புன்னகைத்த அதே கிருஷ்ணன் பிணத்தின் அருகில் ஆடினான் என்றால், அந்தப் புன்னகையின் அர்த்தம் என்ன? லீலை என்று சொல்லி வியாக்கியானகாரர்கள் தாண்டிப் போகலாம். படத்தின் முடிவில், எல்லாம் நல்லபடி நடந்ததற்கு நன்றி சொல்ல வருகிற மணமக்களிடம் கடோத்கசன், நான் செய்தது ஒன்றுமில்லை, யாவும் கிருஷ்ணனுடைய ஏற்பாடு என்று கையைக் காட்டிவிட்டு நிற்கிறான். கொட்டகையில் அது பணிவாகப்பட்டது. துரோண பருவத்தைப் படித்தவன் அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு, இந்த ஏற்பாட்டில் உன் பங்குக்கு என்ன எழுதியிருக்கிறது என்று உனக்குத் தெரியுமா அப்பா என்று கேட்கத் துடிப்பான்.

இதைப் பெரியவரிடம் சொன்னேன். அவர் கண்ணனுக்காகப் பரிந்து ஒன்றும் பேசவில்லை. என் கட்சி தோற்றது என்றும் சொல்லவில்லை. கைத்தடியை ஊன்றி எழுந்து, "அர்ச்சுனனும் இதையேதான் கேட்கிறான் தம்பி, இந்தச் சமயத்தில் உனக்கு என்ன சந்தோஷம் என்று. கண்ணன் பதில் நீளமாகப் போகும். எனக்குப் பாதிதான் ஞாபகம். வெள்ளிக்கிழமை மூலத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள், வரிவரியாகப் பார்த்துவிட்டுப் பேசலாம். கண்ணாடியை மறக்காமல் கொண்டுவர வேண்டும், என்னிடம் இருக்கிற புத்தகத்தில் எழுத்து ரொம்பப் பொடி" என்றார்.